தூசியின் சான்று

நுழையும்முன்

வீட்டிற்குள் நுழையும்முன் காலைத் துடைத்துக்கொள்கிறோம். ஆடையை உதறி மடித்து வைக்கிறோம். மேசைமீது படிந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம். இவ்வாறு நாம் வேண்டாமென்று ஒதுக்கும் தூசியிலேயே ஒருவர் எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்கிறார், எதைத் தொட்டார் என்பனவற்றை அறிய முடியும் என மெய்ப்பித்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் லொக்கார். அடித்தும் அச்சுறுத்தியும் வாக்குமூலம் பெறுவதே புலனாய்வு என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், நுண்ணோக்கியின் அடியில் உண்மையைத் தேடியவர் அவர். தடய அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவருடைய வாழ்க்கையையும், தடயங்கள் பொருள்களின் பரப்புகளைப் பற்றி நிற்கும் தன்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

எட்மண்ட் லொக்கார் 1877ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் செயிண்ட் சாமோன் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூருக்கு அருகிலுள்ள லியோன் பெருநகரமே அவர் கற்ற இடமாகவும் பணியாற்றிய களமாகவும் அமைந்தது. பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற அந்நகரம், அக்காலத்தில் சட்டம்சார் மருத்துவத்திற்கும் பெயர் பெற்றிருந்தது. அதற்குக் காரணமாக விளங்கியவர் பேராசிரியர் அலெக்சாந்தர் லக்காசாஞ். லியோனுக்கு அருகில் கண்டெடுக்கப்பட்ட, அடையாளம் தெரியாத அளவிற்குச் சிதைந்த உடலொன்றை 1889ஆம் ஆண்டு ஆராய்ந்து, இறந்தவர் இன்னார் என்று எலும்புகளையும் முடியையும் கொண்டு உறுதிசெய்து புகழ்பெற்றவர் அவர். மருத்துவம் பயின்ற லொக்கார், அப்பேராசிரியரின் மாணவராகவும் பின்னர் உதவியாளராகவும் விளங்கினார். மருத்துவத்தோடு சட்டத்தையும் கற்றார்.

1902ஆம் ஆண்டு தம் மருத்துவப் பட்டத்திற்காக லொக்கார் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் குறிப்பிடத்தக்கது. பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் நீதிமன்றங்களில் மருத்துவம் எவ்வாறு பயன்பட்டது என்பதே அப்பொருள். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில், குற்றம் சாட்டப்பட்டவரைத் துன்புறுத்தி வாக்குமூலம் பெறுவதைச் சட்டமே ஏற்றிருந்தது. வலி தாங்காமல் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு அழிந்தோர் உண்டு. இவ்வரலாற்றை இருபத்தைந்தாம் அகவையில் கற்றறிந்த ஒருவர், மனிதரின் வாயிலிருந்து வலிந்து பெறும் சொல்லைவிட உறுதியான சான்றைத் தேடத் தொடங்கியதில் வியப்பில்லை.

அத்தேடலுக்கு இரு தூண்டுதல்கள் வாய்த்தன. ஒன்று, ஆஸ்திரியா நாட்டுச் சட்ட அறிஞர் ஹான்ஸ் குரோஸ், குற்றவிசாரணை செய்யும் நடுவர்களுக்காக 1893ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு. மற்றொன்று, ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள். காலணியில் ஒட்டிய சேற்றையும் சுருட்டுச் சாம்பலையும் கொண்டு உண்மையை உய்த்துணரும் அக்கதைத் தலைவனை லொக்கார் வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. கற்பனையில் இயல்வதை ஆய்வகத்தில் இயலச்செய்ய வேண்டும் என்று விரும்பினார். தம் மாணவர்களையும் அக்கதைகளைப் படிக்குமாறு தூண்டினார்.

பயணமும் படிப்பினையும்

ஆய்வகம் அமைக்கும் எண்ணம் கொண்ட லொக்கார், பிற நாடுகளிலும் நகரங்களிலும் நடைபெறும் பணிகளை நேரில் காணப் புறப்பட்டார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஆர்ச்சிபால்டு ரைஸ் என்பவரிடம் குற்ற நிகழ்விடங்களை ஒளிப்படம் எடுக்கும் முறையைக் கற்றார். பாரிஸ் நகரில் அல்போன்ஸ் பெர்த்தியோனிடம் ஆளறியும் முறையைக் கற்றார். உடலின் பல்வேறு உறுப்புகளை அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர் பெர்த்தியோன். ஆயினும், அம்முறையை விரைவில் விரல்ரேகை முறை வென்றது. விரல்ரேகைகளை வகைப்படுத்தும் பணி வங்காளத்தில் வளர்ந்து, 1897ஆம் ஆண்டு கொல்கத்தாவில் விரல்ரேகைப் பதிவகமாக உருப்பெற்று, அதன்பின் 1901ஆம் ஆண்டு இலண்டன் மாநகரக் காவல்துறையைச் சென்றடைந்தது. லொக்கார் இப்புதிய முறையின் பக்கமே நின்றார்.

பெர்த்தியோனின் வாழ்வில் லொக்காருக்கு வேறொரு படிப்பினையும் இருந்தது. 1894ஆம் ஆண்டு ட்ரைஃபஸ் என்னும் பிரெஞ்சுப் படை அலுவலர்மீது நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. கிடைத்த கடிதத்தின் கையெழுத்து அவருடையதே என்று பெர்த்தியோன் உறுதியாகச் சாட்சியளித்தார். எழுத்து வேறுபட்டிருந்த இடங்களுக்கும், அவர் தம் கையெழுத்தைத் தாமே வேண்டுமென்று மாற்றி எழுதினார் என விளக்கம் கூறினார். ட்ரைஃபஸ் தொலைதூரத் தீவொன்றில் சிறைவைக்கப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று 1906ஆம் ஆண்டில் நீதிமன்றம் அறிவிக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. ஓர் அறிஞரின் அளவுகடந்த தன்னம்பிக்கை, குற்றமற்ற ஒருவருடைய வாழ்வின் பெரும்பகுதியைப் பறிக்கத் துணைநின்றது. பிற்காலத்தில் அவ்வழக்கின் கையெழுத்தாய்வு குறித்து லொக்கார் தனி நூலே எழுதினார்.

கூரையடியில் ஓர் ஆய்வகம்

1910ஆம் ஆண்டு லொக்கார் லியோன் காவல்துறையை அணுகி, ஆய்வகம் அமைக்க இடம் கேட்டார். நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில் இருந்த இரண்டு சிற்றறைகள் அவருக்குக் கிடைத்தன. உதவியாளர் இருவர், நுண்ணோக்கி ஒன்று, பொருள்களின் ஒளியைப் பகுத்து அவற்றிலுள்ள தனிமங்களைக் காட்டும் நிறமாலைமானி ஒன்று. இவையே தொடக்கத்தில் அவருக்கு வாய்த்த செல்வம். உலகின் முதல் காவல்துறைத் தடய ஆய்வகம் என்று பின்னாளில் போற்றப்பட்டது இவ்வெளிய இடமே. தொடங்கி ஈராண்டுகள் கழித்து, 1912ஆம் ஆண்டில்தான் அதற்கு முறையான ஏற்பு கிடைத்தது. அதுவரை அவர் தம் ஆய்வுமுறையின் பயனை வழக்குகள் வாயிலாகவே நிறுவவேண்டியிருந்தது.

முதல் வெற்றி ஒரு கள்ளநாணய வழக்கில் கிடைத்தது. லியோன் வட்டாரத்தில் போலி நாணயங்கள் புழங்கின. மூவர்மீது காவல்துறைக்கு ஐயம் இருந்தது. ஆனால் சான்று இல்லை. அவர்களுடைய ஆடைகளைத் தமக்குத் தருமாறு லொக்கார் கேட்டார். புலனாய்வு அலுவலர் தயங்கினார். முதலில் ஒருவருடைய ஆடையை மட்டும் அனுப்பினார். லொக்கார் அவ்வாடையின் பைகளைத் தலைகீழாகத் திருப்பி, தையல் மடிப்புகளில் தங்கியிருந்த தூசியை வெள்ளைத்தாளின்மீது துலக்கி எடுத்தார். நுண்ணோக்கியின் அடியில் மிகச்சிறிய உலோகத் துகள்கள் தென்பட்டன. வெள்ளீயம், காரீயம், ஆன்டிமனி ஆகியவை அத்துகள்களில் இருந்தன. போலி நாணயங்களிலும் அதே உலோகங்கள் அதே விகிதத்தில் கலந்திருந்தன. ஏனை இருவரின் ஆடைகளும் அதையே காட்டின. பின்னர் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நாணயம் வார்த்தவர்கள் கைகளைக் கழுவியிருக்கலாம். ஆடையின் மேற்புறத்தைத் தட்டியிருக்கலாம். பையின் உள்மூலையில் துணி மடிந்து தைக்கப்பட்ட இடத்தை எவரும் தட்டுவதில்லை. அங்கேதான் சான்று தங்கியிருந்தது.

நகத்தின் அடியில் கிடைத்த உண்மை

1912ஆம் ஆண்டில் இளம்பெண் ஒருவர் தம் பெற்றோரின் வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். அவரோடு பழகிவந்த வங்கி எழுத்தர் ஒருவர்மீது ஐயம் எழுந்தது. அவர் அந்த இரவில் சில கல் தொலைவிலிருந்த வீடொன்றில் நண்பர்களுடன் சீட்டாடிக்கொண்டிருந்ததாகக் கூறினார். நண்பர்களும் அதையே கூறினர். மரணம் நள்ளிரவிற்கு முன்பே நிகழ்ந்தது என்பது மருத்துவரின் முடிவு. ஆட்டம் பின்னிரவு ஒரு மணிவரை நீடித்தது என்பது நண்பர்களின் சாட்சியம். வழக்கு அத்துடன் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

லொக்கார் முதலில் பெண்ணின் உடலைப் பார்வையிட்டார். கழுத்தில் விரல்கள் அழுந்திய தடம் இருந்தது. பின்னர் ஐயத்திற்குரியவரிடம் சென்று, அவருடைய விரல்நகங்களின் அடியில் இருந்ததைச் சுரண்டித் தாளில் சேகரித்தார். நுண்ணோக்கியில் தோலின் மெல்லிய செதில்கள் தெரிந்தன. அவை அப்பெண்ணுடையவை என்று உறுதியாகக் கூறும் வழி அன்றைய அறிவியலில் இல்லை. அவர் தம் கழுத்தையே சொறிந்திருந்தாலும் அத்தகைய செதில்கள் கிடைக்கும். ஆகவே, லொக்கார் அவ்வளவில் முடிவு கூறவில்லை.

செதில்களின்மேல் இளஞ்சிவப்பு நிறப்பொடி படிந்திருந்ததை அவர் கண்டார். அதைப் பகுத்தாய்ந்தபோது அரிசி மாவுச்சத்து, பிஸ்மத், மக்னீசியம் ஸ்டீயரேட், துத்தநாக ஆக்சைடு, சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆகியவை வெளிப்பட்டன. அது முகப்பூச்சுப்பொடி. இறந்த பெண்ணின் அறையில் தேடியபோது அதே சேர்க்கை கொண்ட பொடி கிடைத்தது. இன்றுபோல ஒரே வகைப் பொடி பல்லாயிரம் பேருக்கு ஆலையில் தயாராகும் காலமன்று அது. லியோன் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவர் அப்பெண்ணுக்கெனத் தனியாகக் கலந்து கொடுத்த பொடி அது. இச்சான்றை எதிரில் வைத்தபோது அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சீட்டாடிய வீட்டின் சுவர்க்கடிகாரத்தை யாரும் அறியாமல் முன்னதாக நகர்த்திவைத்திருந்ததையும் அவரே கூறினார்.

இவ்வழக்கில் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. சாட்சி கூறிய நண்பர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்ட கடிகாரத்தை நம்பினார்கள், நம்பியதைச் சொன்னார்கள். அவர்களுடைய நேர்மையே குற்றவாளிக்குக் கேடயமாயிற்று. கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் பொய்யாகலாம், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழியின் பொருள் இங்கே விளங்குகிறது.

பரப்பும் பற்றும்

தடயம் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதோடு கதை முடிவதில்லை. சென்ற இடத்தில் அது தங்கவேண்டும். தங்கியதை ஆய்வாளர் சிதையாமல் மீட்டெடுக்கவேண்டும். இடம்பெயர்தல், நிலைத்தல், மீட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தடயம் சான்றாகும். இம்மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது தடயம் படிந்த பரப்பின் தன்மையே.

கம்பளி ஆடையைக் கூர்ந்து நோக்கினால் அதன் இழைகள் சுருண்டும் பின்னியும் கிடப்பதைக் காணலாம். கண்ணாடிச் சில்லோ மரத்தூளோ அவ்விழைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் எளிதில் விழுவதில்லை. நெருக்கமாக நெய்யப்பட்ட வழுவழுப்பான பட்டுத்துணியின்மீது விழும் அதே துகள், சில அடிகள் நடந்தாலே உதிர்ந்துவிடும். ஈரமும் எண்ணெய்ப்பசையும் உள்ள பரப்பு தூசியை ஒட்டிவைத்துக்கொள்ளும். உராய்வினால் தோன்றும் நிலைமின்னூட்டம் மெல்லிய இழைகளை ஆடையின்பால் ஈர்க்கும். பெரிய துகள்கள் விரைந்து உதிர, மிகச்சிறியவை நீண்டநேரம் தங்கும். எனவே, கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் தட்டிவிட்டவர், கண்ணுக்குத் தெரியாததை உடன் சுமந்து செல்கிறார்.

விரல்ரேகையை எடுத்துக்கொள்வோம். விரல்முகடுகளில் உள்ள வியர்வைத்துளைகள் நீரையும் உப்பையும் அமினோ அமிலங்களையும் கசியவிடுகின்றன. முகத்தையும் தலைமுடியையும் தொடும்போது விரலில் எண்ணெய்ப்பசையும் சேர்கிறது. ஒருவர் கண்ணாடிக் குவளையைத் தொட்டால் அக்கலவை பரப்பின்மேலேயே நிற்கிறது. மென்தூரிகையால் பொடியைத் தூவினால், பசையுள்ள கோடுகளில் பொடி ஒட்டி ரேகை தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் அதே ரேகை அழிந்துபோகும். அவரே ஒரு தாளைத் தொட்டால் வியர்வை தாளின் நார்களுக்குள் ஊறிவிடுகிறது. அங்கே பொடியால் பெரும்பயனில்லை. லொக்காரின் காலத்தில் தாளை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்து வெளிச்சத்தில் வைப்பர். வியர்வையின் உப்போடு வினைபுரிந்து ரேகை கருமையாகத் தோன்றும். தாளில் தங்கும் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஊதாநிற ரேகையைத் தரும் நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருள் 1954ஆம் ஆண்டில் இப்பணிக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தொட்ட தாளிலிருந்தும் இதனால் ரேகையை மீட்க இயலும். விரல் ஒன்றே, பரப்பு மாறினால் தடயத்தின் ஆயுளும் மாறுகிறது, அதை மீட்கும் வழியும் மாறுகிறது.

இவ்வுண்மையை லொக்கார் ஒரு திருட்டு வழக்கில் நன்கு பயன்படுத்தினார். நகைகள் வைத்திருந்த மரப்பேழையின்மீது திருடர்களின் விரல்பதிவுகள் இருந்தன. பேழை மெருகூட்டப்பட்டு வழுவழுப்பாக இருந்தமையால், ரேகைகளோடு வியர்வைத்துளைகளின் புள்ளிகளும் அதில் தெளிவாகப் பதிந்திருந்தன. துளைகளின் அமைப்பும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வாழ்நாள் முழுவதும் மாறாதவை. ஒரு விரலின் பதிவில் மட்டும் 901 துளைகளை ஒப்பிட்டுக் காட்டி அவர் தம் முடிவை நிறுவினார். சொரசொரப்பான பலகையாக இருந்திருப்பின் அத்துளைகளுள் ஒன்றுகூடத் தெரிந்திராது.

தூசியைச் சேகரிப்பதிலும் லொக்கார் பொறுமையான வழிகளைக் கையாண்டார். ஆடையைப் புதிய காகிதப்பைக்குள் இட்டுக் கட்டி, வெளியிலிருந்து மெல்லிய கோலால் தட்டுவார். உதிரும் தூசி பையின் அடியில் சேரும். ஒவ்வோர் ஆடைக்கும் தனிப்பை. ஒன்றின் தூசி மற்றொன்றில் கலந்துவிட்டால் இரண்டுமே சான்றாகா. உடலில் நகத்தின் அடிப்பகுதியையும் காதின் உட்புறத்தையும் அவர் சிறப்பாக நோக்கினார். காதின் மெழுகுப்பசையில் ஒருவர் நாள்தோறும் பணிசெய்யும் இடத்தின் தூசி ஒட்டியிருக்கும். மாவாலைத் தொழிலாளியிடம் மாவுத்துகளும், தச்சரிடம் மரத்தூளும், கொல்லரிடம் உலோகப்பொடியும் இருப்பதால், தூசி ஒருவரின் தொழிலையும் அறிவிக்கும்.

தெரிந்து தெளிவோம்

லொக்காரின் காலத்தவரான ஜார்ஜ் பாப் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், 1904ஆம் ஆண்டு ஒரு கொலை வழக்கில் மண்ணைச் சான்றாக்கினார். நிகழ்விடத்தில் கிடந்த கைக்குட்டையில் நிலக்கரித் துகள்களும் ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமத்தின் துகள்களும் இருந்தன. ஐயத்திற்குரியவர் எரிவளி ஆலையிலும் சரளைக்கல் குழியிலும் வேலை செய்தவர். அவருடைய காற்சட்டையில் மண் இரண்டு அடுக்குகளாகப் படிந்திருந்தது. அடியடுக்கு நிகழ்விடத்து மண்ணோடு ஒத்தது. மேலடுக்கில் இருந்த நொறுங்கிய அப்பிரகத் துகள்கள் நிகழ்விடத்திலிருந்து அவர் வீட்டுக்குச் செல்லும் பாதையின் மண்ணோடு ஒத்தன. எங்கே நின்றார் என்பதை மட்டுமன்றி, எந்த வரிசையில் நடந்தார் என்பதையும் துணியில் படிந்த மண் காட்டியது.

பரிமாற்றக் கோட்பாடு

தம் பட்டறிவையெல்லாம் தொகுத்து லொக்கார் 1920ஆம் ஆண்டில் குற்றப்புலனாய்வின் அறிவியல் முறைகள் பற்றிய நூலை வெளியிட்டார். குற்றம் செய்பவர், அச்செயலின் வேகம் காரணமாக, தாம் வந்துசென்றதன் தடயங்களை விட்டுச்செல்லாமல் இருக்கமுடியாது. நிகழ்விடத்திலும் எதையேனும் விடுவார், அங்கிருந்தும் எதையேனும் தம் உடலிலோ ஆடையிலோ எடுத்துச் செல்வார் என்பது அவருடைய கருத்து. இதுவே லொக்காரின் பரிமாற்றக் கோட்பாடு எனப் பெயர்பெற்றது. ஒவ்வொரு தொடுகையும் தடயத்தை விட்டுச்செல்லும் என்று இக்கோட்பாட்டை இன்று சுருக்கிக் கூறுவர். அச்சுருக்கம் பின்வந்தோர் அமைத்தது.

1930ஆம் ஆண்டு அமெரிக்கக் காவல் அறிவியல் இதழொன்றில் தூசித் தடயங்களின் பகுப்பாய்வு பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. 1931ஆம் ஆண்டு முதல் குற்றவியல் ஆய்வுமுறைகள் பற்றிய அவரது பெருநூல் ஏழு தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் லியோனுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான ஹாரி சோடர்மன், பின்னர் தம் தாய்நாடாகிய சுவீடனின் அரசுத் தடய ஆய்வு நிறுவனத்திற்குத் தலைமையேற்றார். இரண்டு சிற்றறைகளில் தொடங்கிய முயற்சி, இவ்வாறு நாடுகடந்து வேரூன்றியது.

எல்லையை அறிதல்

தூசி யாரிடமும் அன்போ பகையோ கொண்டதன்று. ஆயினும், தூசி தானாகப் பேசுவதில்லை. அதற்குப் பொருள் கூறுபவர் மனிதரே. அங்கேதான் பிழை நுழைகிறது. தடயம் ஒரு தொடர்பைக் காட்டும். அத்தொடர்பு எப்போது, எதற்காக, எவ்வழியாக நிகழ்ந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஒருவருடைய ஆடையிழை மற்றொருவர் ஆடையில் இருப்பதால் இருவரும் சந்தித்தனர் என்று உடனே முடிவுசெய்ய இயலாது. இருவரும் பேருந்தின் ஒரே இருக்கையில் வெவ்வேறு நேரங்களில் அமர்ந்திருக்கலாம். கைகுலுக்கியவரின் கைவழியாக ஒருவருடைய மரபணுத்தடயம், அவர் ஒருபோதும் தொடாத பொருளைச் சென்றடைவதும் உண்டு. இதனை இரண்டாம்நிலைப் பரிமாற்றம் என்பர்.

தடயம் இல்லாமையும் குற்றமின்மைக்கு முழுச்சான்றாகாது. ஆடையில் படிந்த இழைகளுள் பெரும்பகுதி, அணிந்திருப்பவர் நடமாடினால் முதற்சில மணிநேரத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. துப்பாக்கியால் சுட்டவரின் கையில் படியும் காரீயம், பேரியம், ஆன்டிமனித் துகள்கள் கைகழுவினால் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆகவே, எந்தப் பரப்பில், எவ்வளவு நேரத்திற்குப்பின், எந்நிலையில் தடயம் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் எந்த ஆய்வு முடிவையும் மதிப்பிடக்கூடாது.

லொக்கார் விரல்ரேகை ஒப்பீட்டில் வகுத்த நெறியிலும் இவ்வெச்சரிக்கை உண்டு. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நுண்கூறுகள் ஒத்து, பதிவும் தெளிவாக இருந்தால் முடிவு உறுதியானது. எண்ணிக்கை அதற்குக் குறைந்தால், பதிவின் தெளிவையும் கூறுகளின் அருமையையும் ஆய்ந்து, தகுதியுடைய ஆய்வாளர் ஒருவருக்கு மேற்பட்டோர் கலந்து முடிவுசெய்யவேண்டும். மிகச்சில கூறுகளே கிடைத்தால் உறுதி கூறவே கூடாது. வாய்ப்பின் அளவை மட்டும் கூறலாம். ஆய்வாளரின் புகழ் எத்துணைப் பெரிதாயினும் சான்று தரும் அளவிற்கு மேல் அவர் சொல்லக்கூடாது என்பதே இந்நெறியின் சாரம். இத்தகைய நெறி ட்ரைஃபஸ் வழக்கில் போற்றப்பட்டிருந்தால், பெர்த்தியோனின் சாட்சியம் அவ்வளவு உறுதியான சொற்களில் நீதிமன்றத்தை எட்டியிருக்காது.

நிறைவாக

லொக்கார் ஆய்வகத்திற்குள் மட்டும் வாழ்ந்தவரல்லர். இசையிலும் நாடகத்திலும் தோய்ந்து திறனாய்வுகள் எழுதினார். அஞ்சல்தலை சேகரிப்பில் பெருவிருப்புக் கொண்டு, அக்கலைக்கென ஒரு கையேட்டையும் 1942ஆம் ஆண்டில் வெளியிட்டார். அஞ்சல்தலையின் தாள், மை, பல்விளிம்பு ஆகியவற்றை உருப்பெருக்கியால் நோக்கிப் பழகிய கண்ணும், ஆடைத்தூசியை நுண்ணோக்கியால் நோக்கிய கண்ணும் ஒன்றே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆய்வகத்தை வழிநடத்திய அவர், 1966ஆம் ஆண்டில் லியோன் நகரில் காலமானார்.

இன்று தடய ஆய்வகங்களில் மின்னணு நுண்ணோக்கிகளும் மரபணுப் பகுப்பாய்வுக் கருவிகளும் உள்ளன. லொக்கார் காணமுடியாத துகளையும் அவை காட்டுகின்றன; அவர் பிரித்தறிய முடியாத தோல்செதில் யாருடையது என்பதையும் கூறுகின்றன. கருவிகள் வளர்ந்தபோதும், அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட வினாக்கள் மாறவில்லை. இத்துகள் எங்கிருந்து வந்தது? இப்பரப்பில் எவ்வாறு தங்கியது? வேறு வழியில் வந்திருக்கக்கூடுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடைகண்ட பின்னரே அவர் வாய் திறந்தார். நகத்தின் அடியில் கிடைத்த தோல்செதிலைக் கண்டதும் முடிவு கூறாமல், அதன்மேல் படிந்த பொடியையும் ஆராய்ந்தமையே அவரை அறிவியலாளராக்கியது. குற்றவாளி தப்பிவிடக்கூடாது என்னும் உறுதியும், குற்றமற்றவர் தண்டனை பெற்றுவிடக்கூடாது என்னும் அச்சமும் ஒருங்கே உடைய உள்ளம் நீதித்துறைக்குத் தேவை. அத்தகைய உள்ளத்திற்கு எட்மண்ட் லொக்காரின் வாழ்வு சான்றாக நிற்கிறது.

கற்பவை கற்றபின்...

1. ஒரே விரலால் கண்ணாடிக் குவளை, வெள்ளைத்தாள், மெருகூட்டிய மரம், பருத்தித்துணி ஆகியவற்றைத் தொடுக. மென்மையான மாவைத் தூவி, எப்பரப்பில் ரேகை தெளிவாகத் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்பதைக் கண்டு, காரணங்களை வகுப்பறையில் விளக்குக.

2. சீட்டாடிய நண்பர்களின் சாட்சியம் நேர்மையானதாக இருந்தும் உண்மைக்கு மாறாக அமைந்ததற்கான காரணத்தை எடுத்துரைத்து, நேர்மையும் உண்மையும் எப்போதும் ஒன்றாகுமா என்னும் பொருளில் கலந்துரையாடுக.

3. தடயம் இல்லை என்பதால் குற்றம் நிகழவில்லை எனக் கொள்ளலாமா என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.